பேச்சு வராத குழந்தைக்கும் ஒரு கதை வேண்டும்

திருத்தணி மலையில் முருகன் முதியவராக வந்து கற்கண்டை வாயில் இட்டதும் முத்துசுவாமி தீட்சிதருக்குக் கீர்த்தனை பிறந்தது என்பார்கள். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதாகவும் மரபு உண்டு. பக்தி இலக்கியத்தில் இவற்றின் இடம் பெரியது. ஆனால் பேசச் சிரமப்படும் குழந்தையைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் கதைகள் பெரும்பாலும் இந்த ஒரு வழியில்தான் முடிகின்றன: பேச்சு வந்துவிடுகிறது. திக்கலோடு வளரும் பிள்ளைக்கும், அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தோழனுக்கும் கதை இல்லை. திருத்தணி போன்ற ஊர்களின் தொடக்கப் பள்ளிகளுக்கு அந்தக் கதைகள் அவசரமாக வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றில் அடங்கும். இந்தக் குழந்தைகளை மற்றவர்களோடு சேர்த்தே படிக்கவைக்கச் சொல்கிறது சட்டம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியவர். மற்ற நேரமெல்லாம் குழந்தை வகுப்புத் தோழர்களோடுதான் இருக்கிறது. அவசரப்படுத்துவதும், சொல்லைப் பிடுங்கி முடித்துவைப்பதும், சிரிப்பதும் திக்குபவரின் தவிப்பைக் கூட்டும். அப்படியானால் கேட்பவர்களுக்கும் பயிற்சி தேவை. கனடாக் கவிஞர் ஜோர்டன் ஸ்காட் தாமும் திக்கலோடு வளர்ந்தவர்; 2020இல் வெளிவந்த அவரது 'ஐ டாக் லைக் எ ரிவர்' படக்கதையில், ஆறும் தடுக்கிச் சுழித்துத்தான் ஓடுகிறது என்று அப்பா மகனுக்குக் காட்டுகிறார். பையனின் திக்கல் கடைசிவரை போவதில்லை. வகுப்பின் முன் நின்று தன் குரலிலேயே பேசுகிறான். அதைப் படித்த வகுப்பு, காத்திருப்பதும் உரையாடலின் ஒரு பகுதி என்று அறிந்துகொள்கிறது. எந்த அறிவுரையும் குழந்தையிடம் இவ்வளவு எளிதாகச் சேராது.

திருத்தணிக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் இது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். முதல் வகுப்பில் வாயே திறக்காத குழந்தையைக் குறைபாடு உள்ளது என்று முத்திரை குத்திவிடலாம்; உண்மையான குறைபாட்டை 'வீட்டில் தெலுங்கு, போகப் போகச் சரியாகும்' என்று தள்ளியும் விடலாம். இரண்டும் அநியாயம். இருமொழி வளர்ப்பு மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. மொழிக் குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லி, குழந்தை எதில் எப்படி மறுமொழி தருகிறது என்று ஆசிரியர் கவனித்தால், மருத்துவரிடம் சொல்ல அவரிடம் உருப்படியான குறிப்பு இருக்கும். நோயறிதல் அவர் வேலையல்ல. கவனிப்பது அவர் வேலைதான்.

புத்தகம் பேச்சுப் பயிற்சிக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது, பயிற்றுநர் பணியிடங்களைக் குறைக்க யாராவது புத்தகத்தைச் சாக்காக்கினால் அதை எதிர்க்கத்தான் வேண்டும். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: திக்கும் பிள்ளை உள்ள வகுப்பில் திக்கல் கதையைப் படித்தால் நாற்பது கண்களும் அவன் பக்கம் திரும்பாதா? திரும்பும், அந்த ஒரு புத்தகத்தை மட்டும், அவனுக்காகவே என்று படித்தால். முன்கூட்டியே அவனிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு, ஆண்டு முழுதும் படிக்கும் பல கதைகளில் ஒன்றாக, யாரையும் சுட்டாமல் படித்தால் அந்தப் பார்வை தணியும். அவன் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேறு கதை படிக்கலாம்.

தமிழில் இத்தகைய புத்தகங்கள் மிகக் குறைவு என்பது உண்மைதான். வழி இல்லாமல் இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளை யாரும் மொழிபெயர்த்துப் பயன்படுத்த அனுமதி உண்டு. தமிழும் தெலுங்கும் அறிந்த ஆசிரியர்களுக்கு அது திறந்த களம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் அரசுப் பள்ளிகளுக்கென்றே சிறு நூல்களை அச்சிடுகிறது. அடுத்த தொகுப்பில், வாய்ப்பேச்சுக்குப் பதில் படத்தைத் தொட்டுப் பேசும் ஒரு சிறுமி ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்துக்குள் தம்பியைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். கடைசிப் பக்கத்திலும் அவள் படத்தைத் தொட்டே பேசட்டும்.