கால்வாய்ப் படகின் பழைய எண்ணெய் இஞ்சினும் அதைப் பேணும் முறையும்

கிணற்றடியில் எண்ணெய் இஞ்சின் அமைத்து நீர் இறைக்கும் விவசாயிகளில் பலர், அதை வாங்கும்போது விலையை விசாரிப்பதில் காட்டும் சிரத்தையைப் பிற்பாடு அதைப் பேணுவதில் காட்டுவதில்லை. சில வருஷங்களில் இஞ்சின் புகையத் தொடங்கினால், அது பழசாகிவிட்டதென்று சொல்லி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் 1930-ம் வருஷத்தை ஒட்டிச் செய்யப்பட்ட இஞ்சின்கள் சில இங்கிலாந்து தேசத்துக் கால்வாய்ப் படகுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் நாட்டில் நீர் இறைக்கப் பயன்பட்ட மெதுவோட்ட இஞ்சின்களும் இவையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாதலால், அங்குள்ள படகோட்டிகள் கைக்கொள்ளும் முறைகள் இங்கும் கவனிக்கத்தக்கவை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கால்வாய்களில் பல 18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலக்கரி முதலிய சரக்குகளை ஏற்றிச் செல்வதற்காக வெட்டப்பட்டவை. படகுகளை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் லாக்குகள் அநேக இடங்களில் 7 அடி அகலமே உள்ளவை. ஆகையால் படகுகளும் ஏறக்குறைய 7 அடி அகலமும் 70 அடி நீளமுமாகக் கட்டப்பட்டன. நமது பக்கிங்காம் கால்வாயில் பாயும் கழியும் இழுகயிறும் செய்த வேலையை அங்கே கரையோரம் நடந்த குதிரைகள் செய்து வந்தன. 1912-ம் வருஷம் முதற்கொண்டு பெல்லோஸ் மார்ட்டன் அண்டு கிளேட்டன் என்ற சரக்குக் கம்பெனி ஸ்வீடன் தேசத்து பொலிண்டர் இஞ்சின்களைத் தன் படகுகளில் பொருத்தலாயிற்று. 1930-களில் லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் இடையே ஓடிய கிராண்ட் யூனியன் கம்பெனியின் படகுகளில் நேஷனல், ரஸ்ஸல் நியூபெரி என்னும் இரட்டைச் சிலிண்டர் டீசல் இஞ்சின்கள் வைக்கப்பட்டன. சுமார் 18 குதிரைசக்தியுள்ள அத்தகைய ஓர் இஞ்சின், தன் படகையும் பின்னால் கட்டி இழுக்கப்படும் துணைப்படகையும் சேர்த்து 50 டன் அளவான சரக்கைக் கொண்டுசென்றது. 1948-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் கால்வாய்கள் சர்க்கார் உடைமையாயின. 1962-63 குளிர்காலத்தில் அவை வாரக்கணக்காக உறைந்து கிடந்த பின்னர் சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் ஒழிந்துபோயிற்று. இப்போது அந்தப் படகுகள் உல்லாசப் பிரயாணத்துக்கும், பலருக்கு நிரந்தர வாசஸ்தலமாகவும் பயன்படுகின்றன. ஆகவே இஞ்சினில் நேரும் பழுது குடியிருக்கும் வீட்டையே பாதிக்கக்கூடியது.

இஞ்சின் இருக்குமிடம்

பழைய அமைப்பில் படகின் பின்கோடியில் சுமார் 10 அடி நீளமுள்ள ஒரு சிற்றறை இருக்கும். படகோட்டியின் குடும்பம் முழுவதும் அதிலேயே வசித்தது. இஞ்சின் அறை அதற்கு முன்னால் உள்ளது. இஞ்சினிலிருந்து புறப்படும் இரும்புத் தண்டு சிற்றறையின் தரைக்கு அடியில் சென்று, படகின் பின்புறச் சுவரைத் துளைத்து வெளியேறி, நீருக்குள் இருக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றுகிறது. சுக்கான் பிடிப்பவர் பின்கோடியில் நிற்பதால் ஓடும் இஞ்சினை அவர் கண்ணால் காண முடியாது. வேகத்தைக் கூட்டுவதற்கும் கியர் மாற்றுவதற்கும் கைக்கெட்டும் இடத்தில் இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. மற்றபடி சத்தமும் புகையும்தான் அவருக்கு இஞ்சினின் நிலைமையைத் தெரிவிப்பவை. கரும்புகை வந்தால் சுமை மிகுந்தது அல்லது இஞ்செக்டர் எண்ணெயைச் சரியாகத் தூவவில்லை என்று அறியலாம். நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. இஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நீடித்தால், எரியாத டீசலோ தண்ணீரோ வெளிவருகிறதென்று கொள்ளவேண்டும். பம்ப் அறைக்கு வெளியே வரப்பில் நிற்பவருக்கும் இந்தக் குறிகள் போதுமானவை.

மசகெண்ணெய்

பொலிண்டர் இஞ்சினில் பேரிங்குகளுக்கு எண்ணெய் சிறு குழாய்கள் வழியே சொட்டுச் சொட்டாக விழும். விழுந்த எண்ணெய் திரும்ப உபயோகப்படுவதில்லை. எந்தக் குழாயில் எத்தனை சொட்டு விழுகிறதென்று பார்ப்பதே படகோட்டியின் முதல் வேலை. ஒரு குழாய் அடைத்துக்கொண்டாலும் அந்தப் பேரிங் வெந்துபோகும். டீசல் இஞ்சின்களில் எண்ணெய் அடித்தொட்டியிலிருந்து மேலேறித் திரும்பி வருகிறது. ஆனாலும் வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் பல இஞ்சின்களில் திறந்தே இருப்பதால், அவற்றுக்கு எண்ணெய்க் குப்பியால் கையினாலேயே எண்ணெய் விடவேண்டும். இவ்வேலை தினந்தோறும் புறப்படுமுன் நடக்கவேண்டியது.

எந்த எண்ணெய் விடுவது என்பதில் இக்காலத்தில் ஒரு தவறு சாதாரணமாய் நேர்கிறது. புது மோட்டார் வண்டிகளுக்கான விலையுயர்ந்த எண்ணெய் எல்லாவற்றிலும் சிறந்ததென்று எண்ணிச் சிலர் அதைப் பழைய இஞ்சினிலும் ஊற்றிவிடுகிறார்கள். அந்த எண்ணெயில் அழுக்கைக் கரைத்துத் தன்னுள் மிதக்கவைக்கும் மருந்து மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மிதக்கும் அழுக்கைப் பிடிப்பதற்குப் புது இஞ்சினில் நுண்ணிய வடிகட்டி உண்டு. பழைய இஞ்சின்கள் பலவற்றில் அது கிடையாது. கம்பிச் சல்லடை மட்டுமே உண்டு. அவற்றில் அழுக்கு அடித்தொட்டியில் படிந்து கிடப்பதே நல்லது. மிதந்தால் பேரிங்குகளினூடே ஓடி, அவற்றின் மிருதுவான வெள்ளை உலோகத்தைச் சுரண்டும். ஆகையால் 30 எண் கொண்ட சாதாரண ஒற்றைத்தர எண்ணெயையே அவ்வூர்ப் படகோட்டிகள் தேடி வாங்குகிறார்கள். தயாரித்தவரின் புத்தகத்தில் கண்ட மணிக்கணக்குப்படி, இஞ்சின் சூடாயிருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்துவிடுகிறார்கள். சூட்டில் எண்ணெய் இளகியிருப்பதால் படிந்த கசடும் அதனுடன் வெளியேறும். ஓடிய மணிகளை நினைவில் வைத்திருக்க ஒருவராலும் இயலாது. இஞ்சின் அறைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, நாள்தோறும் குறித்து வைத்தல் நலம்.

கிளப்புதல்

நெடுநாள் நின்றிருந்த இஞ்சினைக் கிளப்புமுன், வால்வைத் தூக்கி வைக்கும் நெம்புகோலைப் போட்டுவிட்டுக் கையினால் பல சுற்றுகள் சுற்றவேண்டும். இதனால் எண்ணெய் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் கையிலேயே தடை தெரியும். அதை அறியாமல் வேகமாய்க் கிளப்பினால், நீர் அமுங்காதாகையால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். கைப்பிடியைப் பற்றும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளவேண்டும். எதிராக மடக்கிப் பிடித்தால் இஞ்சின் பின்னோக்கி உதைக்கும்போது விரலோ மணிக்கட்டோ முறியும். பளுச் சக்கரம் மூடியில்லாமல் சுழலும் இடத்துக்கு மேல்துண்டோடு போவது எந்த நாட்டிலும் ஆபத்து.

பொலிண்டர் இஞ்சினைக் கிளப்புவது தனி வித்தை. அதன் தலைப்பாகத்திலுள்ள இரும்புக் குமிழை ஸ்டவ்வைப் போன்ற ஊதுவிளக்கினால் கால்மணி நேரம் வரை காய்ச்சிய பின்பே பளுச் சக்கரத்தை உதைத்துக் கிளப்பலாம். அதில் பின்கியர் இல்லை. படகைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டுமானால் இஞ்சினை ஏறக்குறைய நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, தக்க க்ஷணத்தில் எண்ணெயைப் பாய்ச்சி, அதையே எதிர்த்திசையில் சுழலச் செய்யவேண்டும். க்ஷணம் தவறினால் இஞ்சின் நின்றுவிடும், படகு லாக்குக் கதவின்மேல் மோதும்.

குளிர்விக்கும் தண்ணீர்

சில படகுகள் கால்வாய் நீரையே இழுத்து இஞ்சினைச் சுற்றி ஓடவிடுகின்றன. இலையும் பாசியும் உள்ளே புகாதபடி ஒரு சல்லடைப் பெட்டி இருக்கிறது. அதைத் தினமும் திறந்து கழுவவேண்டும். பக்கத்துக் குழாயில் நீர் வெளியே கொட்டுகிறதா என்று சுக்கான்காரர் அடிக்கடி எட்டிப் பார்ப்பார். குளிர்காலத்தில் இந்த நீர் உள்ளே தங்கினால் பெருங்கேடு விளையும். நீர் உறையும்போது அதன் பருமன் பதினொன்றில் ஒரு பங்கு பெருகுவதால், வார்ப்பிரும்புச் சிலிண்டர் வெடித்துவிடும். வடிகுழாயைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. சேறு அடைத்திருக்கக்கூடுமாகையால் ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்திப் பார்க்கவேண்டும். நமது சமவெளியில் உறைபனியின் பயமில்லை. எனினும் உப்பு நீரால் குளிர்விக்கப்படும் இஞ்சின்களில் உட்சுவரில் படியும் சுண்ணாம்பும் அதே வார்ப்பிரும்பைத்தான் கெடுக்கிறது, மெதுவாக.

டீசல்

டீசலுக்குச் சத்துரு தண்ணீர். பாதி நிரம்பிய தொட்டியில் இரவுக் குளிரால் ஈரம் உட்சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். எண்ணெயும் நீரும் சேருமிடத்தில் நுண்கிருமிகள் வளர்ந்து, கருஞ்சளிபோலத் திரண்டு வடிகட்டியை அடைக்கின்றன. குளிர்காலத்துக்குமுன் தொட்டியை முழுவதும் நிரப்பி வைப்பதும், அடிக்குழாயைத் திறந்து சிறிது வடித்துப் பார்ப்பதும் போதிய பரிகாரமாகும்.

தண்டு வெளியேறும் இடம்

படகுகள் மூழ்கும் காரணங்களில் இது முக்கியமானது. சுழலும் தண்டு சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில், கொழுப்பு ஊட்டிய சணல் கயிற்றைச் சுற்றித் திணித்து, ஒரு தகட்டினால் இறுக்கியிருக்கிறார்கள். இதுவே கிளாண்டு. பம்பின் தண்டிலும் இதே அமைப்பு உண்டு. படகில் மேற்கொண்டு ஒரு பித்தளைக் கிரீஸ் குப்பியும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பிரயாணம் முடிந்ததும் அதன் பிடியைச் சிறிது திருகினால் கிரீஸ் உள்ளே சென்று நீர்வழியை அடைத்துக்கொள்ளும். ஓடும்போது நிமிஷத்துக்குச் சில சொட்டுகள் விழலாம். அந்த ஈரம் தண்டைக் குளிரவைக்கிறது. நின்றபின் சொட்டக் கூடாது.

சொட்டு ஒன்றுகூட வரக்கூடாதென்று எண்ணித் தகட்டை முழுவலுவோடு முடுக்குகிறவர்கள் தண்டைக் காய்ந்த கயிற்றோடு உரசவிடுகிறார்கள். தண்டில் பள்ளம் விழுந்த பின் எந்தக் கயிறும் நீரைத் தடுக்காது; தண்டையே மாற்றவேண்டியதாகும். இரண்டு பக்கத்து நட்டுகளையும் சமமாக, கால் சுற்றுக்கு மேற்படாமல் முடுக்கி, சிறிது ஓட்டிப் பார்த்து, தொட்டால் சூடில்லையென்று தெரிந்தபின் மறுபடி முடுக்குவதே முறை. இதைக் கவனியாமல் சிலர் அடிப்பள்ளத்து நீரைத் தானாக இறைக்கும் மின்சாரப் பம்பை நம்பியிருப்பார்கள். ஆளில்லாத படகில் பாட்டரி தீர்ந்த அன்று பம்பும் நின்றுவிடும். நீர் சேரச் சேரப் பின்புறம் தாழும். பக்கத்துக் குழாய்த் துவாரங்கள் நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் படகு சிறிது நேரத்தில் மூழ்கிவிடும்.

இக்காலப் படகுகளில் புரொப்பெல்லரில் சுற்றிய கயிறு, துணி முதலியவற்றை அறுத்தெடுக்க, அதன் நேர்மேலே மூடியுள்ள ஒரு துவாரம் உண்டு. இஞ்சினை நிறுத்தாமல் அதில் கை விடலாகாது. மூடியைத் திரும்ப இறுக்காமல் இஞ்சினைக் கிளப்பினால் புரொப்பெல்லர் தள்ளும் நீரே படகுக்குள் பாய்ந்து நிரம்பும். பழைய சரக்குப் படகுகளில் இத்துவாரமே இல்லை. அக்காலத்தவர் நீண்ட கொக்கியால் வெளியிலிருந்தே சிக்கலை எடுத்தார்கள்.

சுமையில்லா ஓட்டம்

படகில் வசிப்பவர்கள் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதற்காகக் கரையில் கட்டிய நிலையிலேயே இஞ்சினை மணிக்கணக்காக மெதுவாய் ஓடவிடுவதுண்டு. இது இஞ்சினுக்கு இளைப்பாறுதல் என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. சுமையில்லாவிடில் சிலிண்டர் போதிய சூடு பெறுவதில்லை, வளையங்களும் சுவரில் நன்கு அழுந்துவதில்லை. அரைகுறையாய் வெந்த எண்ணெய் சுவரில் கண்ணாடிபோலப் படிந்து, எண்ணெய்ச் செலவும் நீலப்புகையும் பெருகும். 5 குதிரைசக்தி போதுமான கிணற்றுக்கு 10 குதிரைசக்தி இஞ்சினை வாங்குவோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

படகோட்டிகளின் குடும்பங்கள் புகைக்குழாயின் பித்தளை வளையங்களைத் துலக்கி மினுக்குவதில் பெருமை கொண்டவர்கள். அந்தப் பளபளப்பு இஞ்சினுக்கு ஒரு நன்மையும் செய்யாதென்று சொல்லலாம். ஆனால் தினமும் துணியும் கையுமாய் இஞ்சினருகே நிற்பவர் கண்ணுக்குத் தளர்ந்த நட்டும் புதிய கசிவும் தப்புவதில்லை. கூரைமேல் நேராக நிற்கும் புகைக்குழாயை இரவில் ஒரு தகரக் குவளையால் மூடுவதும் அவர்கள் வழக்கம். மழைநீர் உள்ளே இறங்கினால் வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தாலும் காரியமாகும். கிளப்புமுன் எடுக்க மறவாதிருந்தால் சரி.

உதிரிப் பாகங்கள்

நேஷனல், பொலிண்டர் போன்றவற்றுக்குத் தயாரித்தவரிடமிருந்து பாகம் கிடைக்கும் காலம் போய்விட்டது. பழைய இஞ்சின்களைக் கழற்றியோ, புதிதாக வார்த்துக் கடைந்தோதான் பெறவேண்டும். லிஸ்டர் இஞ்சின் வைத்திருப்பவர்களுக்குச் சிறிது வசதியுண்டு. க்ளஸ்டர்ஷயரில் டர்ஸ்லி என்னும் ஊரில் 1930-ஐ ஒட்டிச் செய்யத் தொடங்கப்பட்டு, முதலில் நிமிஷத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைசக்தி கொடுத்த மெதுவோட்ட லிஸ்டரின் மாதிரியைக் கொண்டு, குஜராத்தில் ராஜ்கோட்டிலுள்ள பட்டறைகள் இஞ்சின்களும் பாகங்களும் செய்து அயல்நாடுகளுக்கும் அனுப்புகின்றன. அவ்விதம் வந்த இஞ்சின்களில் சிலவற்றின் அடித்தொட்டியில் வார்ப்பு மணல் தங்கியிருக்கக் கண்டிருக்கிறார்கள். அந்த மணல் எண்ணெயோடு கலந்தால் பேரிங்குகள் வெகு சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆகையால் அயல்நாட்டில் வாங்குவோர் பலர், முதல் முறை கிளப்புமுன் பக்கத்து மூடியைக் கழற்றி, உட்புறம் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுத் தூரிகையால் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்து, அதன் பின்னரே புது எண்ணெய் ஊற்றுகிறார்கள். இதற்கு ஒரு நாள் வேலை பிடிக்கும்.