பாடும் சுவரும் கல்லெறியும் கூட்டமும்

*ஐம்பது ஆண்டுகளுக்கு முன் புனேயைக் கொதிக்க வைத்த இசை நாடகத்துக்கு இன்று கைதட்டல் மட்டும்தான் கிடைக்கிறது. நாடகம் மாறிவிட்டதா, பார்ப்பவர்கள் மாறிவிட்டார்களா?*

மாலை ஏழு மணி. புனேயின் கிழக்கு ஓரத்தில் கராடியின் ஐ.டி. பூங்காக்களிலிருந்து ஊழியர்கள் வெளியே வருகிறார்கள். டீக்கடை ஓரமாக ஐந்து நிமிடம் நின்றால் போதும், மராத்தி, இந்தியோடு தமிழும் தெலுங்கும் காதில் விழும். தெற்கிலிருந்து பிழைப்பைத் தேடி இந்த ஊருக்கு வருவது புதிய கதை அல்ல. பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் தட்சிணை வாங்குவதற்காகத் தெலுங்கு தேசத்திலிருந்து பிராமணர்கள் இங்கே நடந்தே வந்தார்கள். 1791இல் அப்படி வந்த ஒரு கூட்டம், பசி தாங்காமல் நகரக் கொத்தவாலின் தோட்டத்தில் கை வைத்தது. காற்று நுழையாத அறையில் அடைக்கப்பட்டு, விடிவதற்குள் அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். கொதித்தெழுந்த கூட்டம் கொத்தவாலைக் கல்லால் அடித்தே கொன்றது. அவன் பெயர் காசிராம். அவனும் உள்ளூர்க்காரன் அல்ல, வடக்கே கனோஜிலிருந்து வந்தவன்.

கராடியிலிருந்து சதாசிவ பேட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே உள்ள பரத் நாட்டிய மந்திரில் 1972 டிசம்பர் 16 அன்று இந்தக் கதை ஆட்டமும் பாட்டுமாக மேடை ஏறியது. விஜய் தெண்டுல்கர் எழுதிய ‘காசிராம் கொத்தவால்’ அது. அன்று எழுந்த சர்ச்சை இன்னும் முழுதாக அடங்கவில்லை.

பெண்ணைக் கொடுத்துப் பதவி

கதை சிக்கலானதல்ல. பிழைப்புத் தேடி வந்த காசிராமைப் புனே பிராமணர்கள் திருடன் என்று சொல்லி அடித்து அவமானப்படுத்துகிறார்கள். பழிவாங்க அவனுக்கு அதிகாரம் தேவை. அது பேஷ்வாவின் அமைச்சர் நானா பட்னவிஸின் கையில் இருக்கிறது. நானாவுக்கோ இளம் பெண்கள் மேல் சபலம். தன் மகள் கௌரியையே கொடுத்துக் கொத்தவால் பதவியை வாங்குகிறான் காசிராம். பிறகு ஊரை ஆட்டிப் படைக்கிறான். மகள் சாகிறாள். தெற்கத்திப் பிராமணர்களும் சாகிறார்கள். கூட்டம் திரண்டதும் நானா கைகழுவிவிடுகிறார். காசிராமைக் கல்லெறிந்து கொல்ல உத்தரவு போடுகிறார், ஊருக்குக் கொண்டாட்டம் அறிவிக்கிறார். நானாவின் பதவிக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை.

கதையைவிட அது சொல்லப்பட்ட விதம்தான் ஊரை உலுக்கியது. மேடையில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று அசைந்தபடி பாடுகிறார்கள். அவர்கள்தான் ஊர், அவர்கள்தான் திரை. திரும்பி நின்றால் சுவராகி, பின்னால் நடக்கும் அக்கிரமத்தை மறைத்துவிடுவார்கள். விலகி நின்றால் அது வெளிச்சத்துக்கு வரும். தெருக்கூத்தில் இரண்டு பேர் பிடிக்கும் திரையையும் கட்டியங்காரனையும் பார்த்து வளர்ந்த தமிழர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. கட்டியங்காரனின் இடத்தில் இங்கே சூத்திரதாரர். கீர்த்தனையும் அபங்கமும் ஒரு பக்கம், லாவணி இன்னொரு பக்கம். பக்திப் பாட்டு முடிவதற்குள் காமப் பாட்டு தொடங்குகிறது. இரண்டையும் பாடுவது அதே வாய்கள். பாஸ்கர் சந்தாவர்கரின் இசையும் கிருஷ்ணதேவ் முல்குந்தின் நடன அமைப்பும் வசனத்தைவிடக் கடுமையாகக் குத்தின.

இயக்கியவர் ஜப்பார் படேல், தொழிலால் குழந்தை மருத்துவர். நானாவாக நடித்த மோகன் அகாஷே மனநல மருத்துவர். மேடையை வைத்துப் பிழைக்க வேண்டிய நிலையில் இல்லாத இளைஞர்களின் கூட்டம் அது. அந்தத் துணிச்சலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பத்தொன்பதோடு நிறுத்து

எதிர்ப்பு உடனே கிளம்பியது. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, இது பிராமண எதிர்ப்பு நாடகம். மற்றொன்று, பானிபட் தோல்விக்குப் பிறகு தள்ளாடிய மராத்திய அரசைத் தாங்கிப் பிடித்த ராஜதந்திரியான நானாவைப் பெண்பித்தராகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். நாடகத்தைத் தயாரித்த புரோகிரெசிவ் டிராமாட்டிக் அசோசியேஷனுக்குள்ளேயே கலகம் மூண்டது. பத்தொன்பது காட்சிகளோடு நாடகம் நிறுத்தப்பட்டது.

நடிகர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. கூட்டமாக வெளியேறி 1973இல் தியேட்டர் அகாடமி என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். 1974 ஜனவரியில் அதே நாடகம் மீண்டும் மேடை ஏறியது. அரங்கம் நிரம்பியது. திட்டுவதற்காக வந்தவர்களும் தாளம் போட்டார்கள் என்பதுதான் அந்த இசையின் வெற்றி. அதன் ஆபத்தும் அதுதான்.

தெண்டுல்கரின் பதில் நேரடியானது. இது வரலாற்று நாடகமே அல்ல என்றார். காசிராம்களை உருவாக்குவது சமூகமும் அரசியலும்தான், அதற்குக் காலமும் இடமும் கிடையாது என்பது அவர் வாதம். எழுபதுகளின் தொடக்கத்தில் பம்பாய்த் தெருக்களில் ஒரு புதிய அரசியல் பலம் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த விமர்சகர்களுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்பது விளங்கியது. தங்கள் வசதிக்காக ஒரு முரடனை வளர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் பலி கொடுக்கும் பெரிய மனிதர்களை எந்த மாநிலத்தில்தான் பார்க்க முடியாது?

1980இல் குழு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது பழைய நெருப்பு மறுபடி பற்றியது. நம் ஊர் அழுக்கை வெளிநாட்டில் போய் அலசுவதா என்று கேட்டார்கள். போராட்டம், நீதிமன்றம் எல்லாவற்றையும் கடந்துதான் விமானம் ஏற முடிந்தது. நம்மவரின் கதை வெளியார் முன்னால் போகும்போது மட்டும் நம் ரோஷம் இரண்டு மடங்காவது ஏன் என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

இதற்கு நடுவே ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. 1976இல் புனே திரைப்படக் கல்லூரியில் படித்த இளைஞர்கள் கூட்டுறவு முறையில் இந்த நாடகத்தைப் படமாக்கினார்கள். இயக்கியவர்களில் ஒருவர், பின்னாளில் தமிழில் ‘ஏழாவது மனிதன்’ எடுத்த கே. ஹரிஹரன். காசிராமாக நடித்த ஓம் பூரிக்கு அதுதான் முதல் படம்.

விமர்சகர்களின் சங்கடம்

பாராட்டியவர்களிடமும் முணுமுணுப்பு இருந்தது. இந்தியாவெங்கும் நாட்டுப்புற வடிவங்களை நவீன மேடைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் நடந்த காலம் அது. கர்னாடக மேடையில் கிரீஷ் கர்னாட், மத்தியப் பிரதேசத்தில் ஹபீப் தன்வீர், சிறிது காலம் கழித்துச் சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை. இந்த அலையின் உச்சம் என்று ‘காசிராம் கொத்தவாலை’ச் சிலர் கொண்டாடினார்கள். ஆட்டமும் பாட்டும் கொடூரத்தை மூடிவிடுகின்றன, லாவணிக்கு விசில் அடிப்பவன் கௌரிக்கு என்ன நேர்ந்தது என்று யோசிக்கிறானா என்று வேறு சிலர் கேட்டார்கள். பெண்ணியவாதிகளின் கேள்வி இன்னும் கூர்மையானது: நாடகம் முழுவதும் கைமாறும் பண்டமான கௌரிக்கு ஏன் பேச்சே இல்லை? ஆண்களின் அதிகார விளையாட்டைத் தோலுரிக்கும் நாடகமும் அவளை ஊமையாகத்தானே வைத்திருக்கிறது?

இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நாடகத்தைத் தடுத்து நிறுத்தியிருந்தால் கேள்விகளும் பிறந்திருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். நமக்கே இந்த அனுபவம் உண்டு. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் கிளப்பிய புயலின் நடுவே, 1954இல் சென்னை மாநில அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ராதா அசரவில்லை. சட்டமோ அவர் காலத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

பழைய பாட்டு, புதிய காது

தடை போய்விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இல்லை. பிறகுதான் மறுமேடையேற்றத்தின் உண்மையான சோதனை தொடங்குகிறது. நியூயார்க் பிராட்வேயில் இதற்கு ஒரு உதாரணம் கிடைக்கிறது. 1943இல் வந்த ‘ஓக்லஹோமா!’ அமெரிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக முணுமுணுத்த இசை நாடகம். குதூகலமும் நல்ல முடிவும் நிறைந்தது. 2019இல் இயக்குநர் டேனியல் ஃபிஷ் பாட்டுகளை வைத்துக்கொண்டே பெரிய வாத்தியக் கோஷ்டியைச் சின்னக் குழுவாகச் சுருக்கி, கதைக்குள் ஒளிந்திருந்த வன்முறையை வெளியே இழுத்துப் போட்டார். அந்நியனாக ஒதுக்கப்பட்ட ஒருவன் சாகும்போது ஊரே சேர்ந்து கொலைகாரனைக் காப்பாற்றுவதைப் பார்வையாளர்கள் முதன்முறையாக வெறும் கண்ணால் பார்த்தார்கள். ‘எங்கள் நாடகத்தைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று ஒரு சாரார் முகம் சுளித்தார்கள். மறுசாரார் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதும் கிடைத்தது.

‘காசிராம் கொத்தவா’லின் நிலை இதற்குத் தலைகீழ். அது பிறக்கும்போதே முள். இப்போது முனை மழுங்கிவிட்டதோ என்பதுதான் கவலை. 2025இல் திரைப்பட நடிகர் சஞ்சய் மிஸ்ரா நானா வேடம் ஏற்க, நாடகம் இந்தியில் புதிதாக மேடை ஏறியது. தெண்டுல்கர் 2008இல் மறைந்துவிட்டார். ஒரு காலத்தில் தடை கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டிக்கெட் வாங்குகிறார்கள். நாடகம் பாடப்புத்தகமாகிவிட்டது, பெருமைக்குரிய ‘கிளாசிக்’ ஆகிவிட்டது. கிளாசிக்கைப் பார்த்து யாருக்குக் கோபம் வரும்?

வர வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கட்சி. கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கொத்தவாலைக் கொன்றாகிவிட்டது. கூட்டம் பாடி ஆடுகிறது. தாளம் ஏறுகிறது. நாமும் கைதட்டுகிறோம். எதற்குத் தட்டுகிறோம்? ஆட்டத்துக்கா, கொலைக்கா? சுவராக நின்ற பன்னிரண்டு பேரோடு பதின்மூன்றாவது ஆளாக நம்மையும் சேர்த்துவிடுகிறது அந்தத் தாளம். பதவியில் இருப்பவர் புன்னகையோடு தப்பிப் போக, ஏவப்பட்டவனை மட்டும் அடித்துத் தீர்த்துவிட்டு நீதி கிடைத்ததாக நிம்மதி அடையும் பழக்கம் நம்மிடம் இல்லை என்று மார்தட்ட முடியுமானால், இந்த நாடகத்தைப் பரணில் போட்டுவிடலாம்.

மொழிபெயர்ப்பாளனின் தொழில் சார்ந்த ஒரு குறிப்பு: ‘கோத்வால்’ என்ற மராத்தி வார்த்தைக்குத் தமிழ் தேட வேண்டியதில்லை. சென்னையில், நம்ம ஊர்ப் பிராட்வேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கொத்தவால் சாவடி. 1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது, பெயர் மட்டும் போகவில்லை. கொத்தவால் யார், அவன் அங்கே என்ன செய்தான் என்று கேட்பவர்கள் இன்று குறைவு. பெயரைப் பழக்கிக்கொண்டு கேள்வியை மறந்துவிடுகிறோம். கராடியில் இறங்கும் தெற்கத்திப் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் சனிவார் வாடாவைச் சுற்றிப் பார்க்கப் போகட்டும். கோட்டை வாசலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். 1791இல் இந்த ஊருக்கு நடந்து வந்தவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளட்டும். மறுமுறை இந்த நாடகம் மேடை ஏறும்போது, கைதட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க அது உதவும்.