வாக்கிற்கேற்ற பங்கு தரும் தேர்தல்

தேர்தல் என்றவுடன், வாக்குச் சீட்டில் ஒருவர் பெயருக்கெதிரே பெருக்கல் குறியிடுவதே நம் நினைவிற்கு வரும். மிகுதியான வாக்குகளைப் பெற்றவர் வெற்றியடைகிறார். ஏனையோருக்கு அளிக்கப்பட்ட வாக்குகள் அத்துடன் பயனற்றுப் போகின்றன. அயர்லாந்து நாட்டில் வேறொரு முறை வழங்கி வருகிறது. விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் எனப்படும் அம்முறையினை, லீட்ரிம் என்னும் நாட்டுப்புற மாவட்டத்தைக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

அயர்லாந்துக் குடியரசிலேயே மிகக் குறைந்த மக்களைக் கொண்ட மாவட்டம் லீட்ரிம். ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 பேர் வாழ்கின்றனர். மாவட்ட மன்றத்தின் உறுப்பினர்கள் 18 பேர். மாவட்டம் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, தொகுதிக்கு 6 பேர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். சாலை, வீட்டு வசதி, நூல் நிலையம், தீயணைப்பு முதலியன மன்றத்தின் பொறுப்புகளாகும். ஆகவே, ஒதுக்குப்புறமான சிற்றூரின் சாலை செப்பனிடப்பட வேண்டுமாயின், அவ்வூருக்காகப் பேச மன்றத்தில் ஒருவர் இருத்தல் இன்றியமையாதது.

வாக்காளர் தாம் பெரிதும் விரும்பும் வேட்பாளருக்கு 1 என்றும், அடுத்தவருக்கு 2 என்றும், அதற்கடுத்தவருக்கு 3 என்றும் விருப்ப வரிசைப்படி எண்ணிடுகிறார். ஒரு தொகுதியில் 7,000 செல்லுபடியான வாக்குகள் பதிவாயின எனக் கொள்வோம். இடங்கள் 6. அவற்றுடன் ஒன்றைக் கூட்டி, 7ஆல் வகுத்தால் 1,000 வரும். அதனுடன் ஒன்றைச் சேர்க்க, 1,001 என்பதே வெற்றிக்குரிய அளவாகும். எழுவர் இந்த அளவினை எட்ட 7,007 வாக்குகள் வேண்டும். ஆதலின் அறுவருக்கு மேல் எவரும் எட்ட இயலாது.

அளவிற்கு மேல் பெற்றவரின் உபரி வாக்குகள், அடுத்த விருப்பப்படி பிறருக்கு மாற்றப்படும். எவருக்கும் உபரி இல்லையெனில், கடைசி நிலையிலுள்ளவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அவ்வாறே பகிரப்படும். ஆறு இடங்களும் நிரம்பும்வரை இது தொடரும்.

இதனால் விளையும் பயன் யாது? அதே தொகுதியில் ஒரு சாராருக்கு 4,200 பேரும், மறு சாராருக்கு 2,800 பேரும் வாக்களித்தனர் என்போம். பெரும்பான்மையினருக்கே யாவும் என்னும் முறையில் ஆறு இடங்களையும் முதல் சாரார் பெற்றுவிடலாம். இம்முறையிலோ, தத்தம் சாராரிடமே வாக்குகள் மாறுமாயின், அவர்களுக்கு நான்கும் மற்றவர்களுக்கு இரண்டும் கிட்டும். பெரும்பான்மை பெரும்பான்மையாகவே இருக்கும். சிறுபான்மையும் மன்றத்தில் அமரும்.

குறைகளும் இல்லாமலில்லை. வாக்கெண்ணிக்கை சில வேளைகளில் நாள் கணக்கில் நீளும். வரிசையில் இடம்பெற்ற எவருமே எஞ்சாத சீட்டுகள் இறுதியில் பயனற்றுப் போவதுமுண்டு.

அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு 1919ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை வகுத்தது. 1920இல் நாடெங்கும் அது நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் இதனைக் கைவிடலாமா என்று 1959இலும் 1968இலும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. இருமுறையும் மக்கள் மறுத்துவிட்டனர். 2024 ஜூன் 7ஆம் நாள் நடைபெற்ற மாவட்ட மன்றத் தேர்தலிலும் லீட்ரிம் மக்கள் 1, 2, 3 என எண்ணிட்டே தங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர்.