பியூஸ் எப்போது போனது?

தமிழ்ப்பள்ளியில் எனக்கு அது 'மின்சுற்று'. இடைநிலைப்பள்ளியில் 'லித்தார்' ஆனது, பல்கலைக்கழகத்தில் 'சர்க்கிட்'. இந்த மூன்று இடத்திலும் பெயர் மாறாமல் என்னோடு வந்தது பியூஸ்தான். மின்னுருகி என்ற அழகான சொல் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கடையில் கேட்டால் எதுவும் கிடைக்காது.

விடுமுறையில் பெரியப்பாவின் பழுதுபார்க்கும் கடையில் உதவி செய்வேன். பழைய வால்வு ஆம்பிளிபையர்களை இன்றும் சிலர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "பியூஸ் போயிருச்சு, புதுசு போட்டுக் குடுங்க" என்பார்கள். பெரியப்பா கேட்கும் முதல் கேள்வி, "எப்ப போச்சுங்க?" என்பதே. பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

சுவிட்சைத் தட்டிய கணமே போனால் மின்மாற்றியிலோ, டயோடு வைத்த பெட்டியென்றால் டயோடிலோ குறுக்குச்சுற்று இருக்கலாம். பத்து இருபது விநாடி கழித்துப் போனால் ஜிஇசட்34 போன்ற திருத்தி வால்வையும் அதை அடுத்துள்ள வடிகட்டி மின்தேக்கியையும் சந்தேகிக்க வேண்டும். அந்த வால்வு சூடேறிய பிறகுதான் உயர் மின்னழுத்தம் வெளியே வரும் என்பதே காரணம். (புது மின்தேக்கி மாற்றும்போது 'பெரிதாக இருந்தால் நல்லதுதானே' என்று நினைப்போர் உண்டு. ஜிஇசட்34-க்கு அடுத்து 60 மைக்ரோபாரட்டுக்கு மேல் வைக்கக்கூடாது.) சில நிமிடம் பாடிவிட்டுப் போனால் வெளியீட்டு வால்வுகளைப் பாருங்கள்.

பியூஸின் கண்ணாடியும் பேசும். உள்ளே கரும்பூச்சோ வெள்ளிப் பூச்சோ படிந்திருந்தால் பெரிய மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் மெல்லிய மிகைச்சுமை. சில வேளை வெறும் வயோதிகம்.

அடுத்து, எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு, மின்சாரத்தை 100 வாட் இழைக் குமிழ் ஒன்றின் வழியாகத் தொடர்சுற்றில் கொடுப்போம். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. குமிழ் முழுப் பிரகாசமாக நின்றுவிட்டால் கோளாறு மின்மாற்றிப் பக்கம். மங்கினால் திருத்தி வால்வை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகு முன்கட்ட வால்வுகள், கடைசியில் வெளியீட்டு வால்வுகள். எதைப் போட்டதும் குமிழ் பளிச்சென எரிந்து அப்படியே நிற்கிறதோ, அங்கே நிறுத்துங்கள்.

என்னை அதிகம் வருத்தியது ஒரு தோட்டத்துக் கோயிலில் இருந்து வந்த பெட்டி. நான்கு இஎல்34 வால்வுகள். தோட்டம் கைமாறி மக்கள் எல்லாரும் வெளியேறியபோது யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிட்டிருந்தார். உண்மைக் கோளாறு ஒரு சிறிய மின்தேக்கியில்தான். முன்கட்டத்தின் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலியை மட்டும் விடவேண்டிய மின்தேக்கி அது; கசியத் தொடங்கியிருந்தது. வால்வைக் கழற்றிவிட்டு அளந்தால் ஐந்தாம் காலில், அதாவது கிரிட்டில், பூச்சியமோ எதிர் மின்னழுத்தமோ இருக்க வேண்டும். அங்கே பாசிட்டிவ் இருந்தது. இப்படி இருந்தால் வால்வின் மின்னோட்டத்துக்குக் கடிவாளம் இல்லை. 25 வாட்தான் தாங்கும் தகடு சிவந்து எரியும். பியூஸ் இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். வெள்ளித்தாள் நிற்கவிடவில்லை; வெளியீட்டு மின்மாற்றியின் சுற்று கருகிவிட்டது. இஎல்34 இன்றும் சுலோவாக்கியாவில் இருந்தும் சீனாவில் இருந்தும் வருகிறது, வாங்கிவிடலாம். அந்த மின்மாற்றியை எங்கே போய்த் தேடுவது? பெட்டி இன்னும் எங்கள் கடை அலமாரியில்தான் இருக்கிறது.

மாற்றும் பியூஸ் அதே ஆம்பியரும் அதே வகையும் ஆக இருக்க வேண்டும். மேலே 'டி' என்றிருந்தால் ஜெர்மனில் 'டிரேகெ', மந்தமானது. 'எஃப்' என்றால் 'ஃபிளிங்க்', வேகமானது. குளிர்ந்த வால்வு இழைகள் தொடக்கத்தில் அதிகம் இழுக்கும் என்பதால் வால்வு பெட்டிகளில் பெரும்பாலும் 'டி'தான் இருக்கும். அங்கே 'எஃப்' போட்டால் கோளாறே இல்லாமலும் போகும்.

பெட்டியைத் திறப்பவர்களுக்கு ஒன்று: உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் அது தங்கும். மின்தடையம் வழியாக வடித்து, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். அளக்கும்போது பெரியப்பா இடது கையைச் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார்.