பங்காளிப் போரும் புல்வெளிப் படையும்

கீவ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய ருஸ் நாட்டின் வரலாற்றில், தெற்குப் புல்வெளியினின்று குதிரையேறி வந்து ஊர்களைச் சூறையாடிய பொலோவ்த்சியர் என்னும் நாடோடியர் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றனர். பலமுறை அவர்கள் தாமாகவே வந்தனர். சிலமுறை அழைக்கப்பட்டு வந்தனர். அழைத்தவர் யார், ஊதியமாக எதனைக் கொடுத்தார் என்பதே இங்கு நாம் ஆராயவிருப்பது.

1054ஆம் ஆண்டு யாரோஸ்லாவ் மறைந்தபின், அவர் மைந்தருள் மூத்த மூவர் முதன்மையான நகரங்களைப் பெற்றனர்: இஸியாஸ்லாவுக்குக் கீவ், ஸ்வியாதொஸ்லாவுக்குச் செர்னிகோவ், வ்செவொலோதுக்குப் பெரயாஸ்லாவ். தந்தைக்குப்பின் தனயன் என்பதைவிட, அண்ணனுக்குப்பின் தம்பி என்னும் முறையே அங்கு வலுப்பெற்றிருந்தது. தம்பியர் உயிரோடிருக்கும்வரை அண்ணன் மக்கள் காத்திருக்க வேண்டும். 1076இல் ஸ்வியாதொஸ்லாவ் இறந்தபின், செர்னிகோவ் அவர் மகன் ஒலேக்குக்குக் கிட்டவில்லை. சித்தப்பா வ்செவொலோதின் கைக்குச் சென்றது. நம் வழக்கில் சொன்னால் இது பங்காளிச் சண்டை. ஆனால் வழக்குரைக்க அங்கு ஒரு மன்றமில்லை.

ஒலேக்கிடம் உரிமை இருந்தது, படை போதவில்லை. 1078இல் அவர் பொலோவ்த்சியருடன் வந்து செர்னிகோவைக் கைப்பற்றினார். அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் நடந்த போரில் தோற்றார். எதிரணியில் பெரியப்பா இஸியாஸ்லாவும் மாண்டார். அடுத்த ஆண்டு ஒலேக் பைசாந்தியத்துக்கு நாடு கடத்தப்பட்டார். 1094இல் மீண்டும் புல்வெளிப் படையுடன் செர்னிகோவை முற்றுகையிட்டார். அங்கிருந்தவர் வ்செவொலோதின் மகன் விளாதிமிர் மோனோமாக். எட்டு நாள் எதிர்த்து நின்றபின், நூறுபேருக்கும் குறைவானோருடன் அவர் நகரைவிட்டு வெளியேறினார்.

நகரம் ஒலேக்குக்கு. துணைவந்தோர்க்கு? இங்குதான் நாம் சற்று நிற்க வேண்டும். அவர்கள் சுற்றுப்புறத்தைச் சூறையாடியபோது ஒலேக் தடுக்கவில்லை, கூலி அதுவே. கால்நடைகளும் மனிதர்களுமே அந்நாளில் எளிதாகக் கொண்டுசெல்லத்தக்க செல்வம். உழுதுண்ட குடிகள் கயிற்றில் பிணைக்கப்பட்டுப் புல்வெளிக்குச் சென்றனர். ஒருவர் தாம் ஆளவிரும்பிய நாட்டின் குடிகளையே அந்நாட்டை வெல்லும் விலையாகக் கொடுத்தார் என்பதை மாணவர்கள் கருதிப் பார்க்கலாம்.

பழைய ருஸ் ஆண்டுக்குறிப்பு இதனை ஒலேக்கின் மூன்றாம் குற்றமெனக் கணக்கிட்டுக் கடிந்துரைக்கிறது. அந்நூல் கீவ் குகை மடத்துத் துறவியரிடையே உருவானது. 1096இல் போனியாக் என்னும் பொலோவ்த்சியத் தலைவன் கொள்ளையிட்டதும் அம்மடத்தையே. எனவே அதன் சினம் நேரில் பட்ட சினம். எனினும் ஒலேக் ஒருவரையே குற்றவாளியாக்குதல் முறையன்று. மோனோமாக்கும் புல்வெளியாரைத் துணைகொண்டவரே. கீவ் அரசர் ஸ்வியாதொபோல்க் 1094இல் பொலோவ்த்சியத் தலைவன் துகோர்கானின் மகளை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் மாமனாரும் மருமகனும் பெரயாஸ்லாவில் எதிரெதிரே நின்றனர், துகோர்கான் வீழ்ந்தான். மருமகனே உடலைக் கொணர்ந்து கீவ் அருகே அடக்கம் செய்தார்.

1097இல் லியூபெச்சில் கூடிய இளவரசர்கள், அவரவர் தந்தைவழி நிலத்தை அவரவர் ஆள்வதென உடன்பட்டனர். செர்னிகோவ் நிலம் ஒலேக்குக்கும் அவர் உடன்பிறந்தார்க்கும் உரியதாயிற்று. புல்வெளிக்குக் கொண்டுசெல்லப்பட்ட குடிகளைப் பற்றி அவ்வுடன்பாட்டின் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.