பெயரே வசையான கதை

சூழ்ச்சி செய்பவரைக் கண்டால் நம்மவர் "சகுனி வேலை" என்பர். ஆங்கிலேயர் அவ்விடத்தில் "மாக்கியவல்லியன்" என்னும் பெயரடையைக் கையாள்வர். நயமாகப் பேசி, நம்பவைத்து, தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும் வஞ்சகத்தைக் குறிப்பது அது. அகராதியில் இச்சொல்லைக் கண்ட நாங்கள், வகுப்புத் தலைவி தேர்தலின்போது இரு தரப்பாரிடமும் பேசிவந்த தோழி ஒருத்திக்கு அதையே பட்டமாகச் சூட்டி மகிழ்ந்தோம். சொல்லின் பிறப்பைத் தேடியது அதன் பின்னரே!

சகுனி இதிகாசப் பாத்திரம். நிக்கோலோ மாக்கியவல்லியோ 1469-ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில் பிறந்த மனிதர். 1498-இல், தம் 29-ஆம் வயதில், அந்நகரக் குடியரசின் செயலர்களுள் ஒருவரானார்; பல அரசுகளுக்குத் தூது சென்றார். 1512-இல் மெடிச்சி குடும்பத்தார் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் அவர் பதவி பறிபோயிற்று. மறு ஆண்டு, சதி செய்தார் என்ற ஐயத்தின்பேரில் அவரைச் சிறையிலிட்டு, கயிற்றில் தொங்கவிட்டு வதைத்தனர். விடுதலையானபின் கிராமத்துப் பண்ணை வீட்டில் தங்கினார். மாலையில் சேறு படிந்த உடையைக் களைந்து, அரசவைக்குரிய ஆடை அணிந்து, முன்னோர் நூல்களோடு நான்கு மணி நேரம் உரையாடுவதாக நண்பருக்கு எழுதினார். அங்கே உருவானதே "இளவரசன்" என்னும் சிறு நூல்.

கண்ணியை அறிய நரியாகவும், ஓநாய்களை விரட்டச் சிங்கமாகவும் அரசன் விளங்க வேண்டும் என்கிறது அந்நூல். தேவையானால் கொடுத்த வாக்கையும் மீறலாம் என்கிறது. அவர் 1527-இல் மறைந்தார். நூல் 1532-இல் அச்சேறியது. 1559-இல் திருச்சபை அவர் நூல்களைத் தடைசெய்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சில் வந்தது 1640-இல்தான். ஆனால் 16-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் அவர் பெயர் வசைச்சொல்லாகிவிட்டது! மார்லோவின் நாடகம் ஒன்றில் அவரே தீயவராக மேடையேறி முன்னுரை பேசுகிறார். குடியரசைப் போற்றி அவர் எழுதிய வேறொரு பெரிய நூலைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

வாக்குத் தவறலாம் என்ற அவர் கருத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஆயினும் ஒருவரை முழுதும் அறியாமல் ஒரே சொல்லுக்குள் அடைப்பது நீதியாகுமா?

எங்கள் தோழி இரு தரப்பாரிடமும் பேசியது சமாதானம் செய்வதற்கே என்பதைப் பிறகு அறிந்தோம். வெட்கித் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டோம். அவளும் மன்னித்தாள். ஆனால் பட்டப்பெயர் மட்டும் அடுத்த வகுப்புவரை பரவிவிட்டது. அதைத் திரும்பப் பெற எங்களால் இயலவில்லை. தோழியரே, சொல்லை விடுமுன் சற்றே சிந்திப்போம்!