கடனும் நகரமும்: நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தின் ஒளியில் ஒரு நோக்கு

நெகேமியாவின் நூலை நம் திருச்சபைகளில் பெரும்பாலும் கட்டட நிதி திரட்டும் நாட்களிலேயே எடுத்து வாசிக்கிறோம். எருசலேமின் அலங்கம் எழுந்த வரலாறு அத்தகைய வேளைக்கு ஏற்றதே. ஆயினும், அலங்க வேலை நடந்துகொண்டிருக்கையில் ஐந்தாம் அதிகாரம் கடனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. தானியம் வாங்கவும் அரசனுக்கு வரி செலுத்தவும் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்த மக்கள், தம் பிள்ளைகளையே அடிமைகளாக ஒப்படைக்கும் நிலைக்கு வந்துவிட்டதாக முறையிடுகின்றனர். கடன் கொடுத்தோர் அயலார் அல்லர், சொந்தச் சகோதரர். தாமும் கடன் கொடுத்திருந்ததை நெகேமியாவே மறைக்கவில்லை. நகரைக் கட்டுவோர் யார், அவர்களுடைய வீடு யாரிடம் அடகில் இருக்கிறது என்னும் இரு வினாக்களும் திருமறையில் ஒரே இடத்தில் நிற்கின்றன. நம் காலத்தில் சிறுகடன் பற்றிப் பேசுவோர் முதல் வினாவையும், நகர வளர்ச்சி பற்றிப் பேசுவோர் இரண்டாம் வினாவையும் மறந்துவிடுகின்றனர்.

எபிரேயத்தில் வட்டியைக் குறிக்கும் 'நெஷெக்' என்னும் சொல், கடித்தல் என்னும் பொருள்படும் வேரோடு தொடர்புடையது. நம் நகரங்களில் வழங்கும் தண்டல் கடனை அறிந்தவர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. 1,000 ரூபாய் என்று எழுதி 900 ரூபாயைக் கையில் கொடுப்பர். நாளொன்றுக்கு 10 ரூபாயாக 100 நாளில் திருப்ப வேண்டும். மேலோட்டமாக நோக்கின் இது சிறு தொகையே. ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். நெகேமியா கண்டித்த 'நூற்றுக்கொன்று' என்பதை மாத வட்டியாகக் கொள்வோர் பலர். அங்ஙனமாயின் அது ஆண்டுக்கு 12 விழுக்காடு மட்டுமே!

இந்நிலைக்கு மாற்றுத் தேடியோருள் அகமதாபாத் நகரின் உழைக்கும் பெண்கள் முன்னோடிகள். இலா பட் அம்மையார் 1972இல் தோற்றுவித்த 'சேவா' என்னும் சுயதொழில் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த 4,000 பெண்கள், ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்தி 1974இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியை நிறுவினர். காய்கறி விற்போர், சுமை தூக்குவோர், பழந்துணி வணிகம் செய்வோர் ஆகியோரே அதன் உரிமையாளர். முதலில் சேமிப்பு, பின்னர் கடன் என்பது அதன் முறை.

ஆனால் தொழிற்கடன் மட்டும் போதவில்லை. நகரத்து ஏழைக்கு வீடே தொழிற்கூடம். ஊதுபத்தி உருட்டுவதும் துணி தைப்பதும் அங்கேதான். மழைக்காலத்தில் சாக்கடை நீர் உள்ளே புகுந்தால், கடன் வாங்கிச் சேர்த்த மூலப்பொருள் ஒரே இரவில் பாழாகும். பொதுக்குழாயடியில் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழந்த கூலியே. கொள்ளைநோய் வந்தாலோ, தவணைப் பணம் மருந்துக்குப் போய்விடும்.

இதனை உணர்ந்தே 1995இல் அகமதாபாத் மாநகராட்சி 'பரிவர்த்தன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு குடிநீர் இணைப்பு, கழிப்பிடம், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றோடு பாதை, தெருவிளக்கு முதலியனவும் அதில் அடங்கின. வீட்டு இணைப்புகளுக்கான செலவில் குடும்பம் 2,000 ரூபாய், தனியார் தொழில் துறை 2,000, மாநகராட்சி 2,000 என்பது ஏற்பாடு. பராமரிப்பு நிதிக்குக் குடும்பம் மேலும் 100 ரூபாய் தந்தது. குடும்பத்தின் பங்கைச் சேமிக்கவும் குறைந்ததைக் கடனாகப் பெறவும் சேவா வங்கி துணைநின்றது. இவை யாவற்றினும் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, அக்குடியிருப்புகளைப் பத்தாண்டுகளுக்கு அகற்றுவதில்லை என்று மாநகராட்சி அளித்த உறுதிமொழியாகும். அது முழு உரிமையன்று, பட்டாவும் அன்று. எனினும், நாளை இடிக்கப்படும் என்று அஞ்சும் வீட்டில் எவளும் கழிப்பிடம் கட்டக் கடன் வாங்கமாட்டாள்.

அதே நகரில், சபர்மதி ஆற்றங்கரையில் வாழ்ந்தோருக்கு நேர்ந்தது வேறு. ஆற்றங்கரை மேம்பாட்டுப் பணிகள் 2005இல் தொடங்கியபின், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. அவற்றுட் பல, நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்டன. தொழில் செய்த இடமும் வாடிக்கையாளரும் கைவிட்டுப் போயின. இத்தகையோர்க்கு எந்தச் சிறுகடன் கைகொடுக்கும்?

கடன் தருவோர் மிகுந்தால் ஏழைக்கு நன்மை என்று எண்ணுதலும் பிழையாம். 2010இல் ஆந்திர மாநிலத்தில் பல நிறுவனங்கள் ஒரே குடும்பத்துக்குப் போட்டியிட்டுக் கடன் தந்தன. ஒருத்தி தவறினால் குழுவினர் அனைவரும் பொறுப்பு என்னும் பிணை முறை, அண்டை வீட்டாரையே வசூல்காரராக்கிற்று. தற்கொலைச் செய்திகள் வெளிவர, அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. பிறருக்காகப் பிணைப்படுவதை நீதிமொழிகள் ஏன் மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி விளக்குகிறது. மாதத் தவணைகள் யாவும் குடும்ப வருவாயில் பாதிக்கு மேற்படலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. அதே விதிகளால், அதுவரை இருந்த வட்டி உச்சவரம்பு நீங்கிற்று. சிறுதொகையை வீடுதோறும் சென்று கொடுத்து வாங்குதலில் செலவு மிகுதி என்பது உண்மையே. ஆயினும் நெகேமியாவின் கணக்கோடு ஒப்பிடுங்கால் நம் உள்ளம் அமைதியுறவில்லை.

நகர்ப்புறச் சேகரங்களில் பெண்கள் ஐக்கிய சங்கம் சிறுகடன் வழங்க முன்வருங்கால், ஆயரும் பொருளாளரும் தவணை அட்டையோடு மற்றொன்றையும் கேட்டறிதல் வேண்டும்: கடன் பெறுபவள் குடியிருக்கும் மனை யார் பெயரில் உள்ளது? அதற்கு விடையில்லையெனில், முதல் வேலை மாநகராட்சி அலுவலகத்தில் இருக்கிறது.